கேமராவை மாற்றலாமா? கடைவீதியில் போட்ட ஒரு கணக்கு

மளிகைக் கடைக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நமது கடைவீதியில் அரிசி மண்டியும் எண்ணெய்க் கடையும் இருப்பது போலவே போட்டோ ஸ்டூடியோவும் இருக்கிறது. ஸ்டூடியோ நடத்துபவரும் நம்மைப் போல வாடகை கொடுக்கிறார், கரண்ட் பில் கட்டுகிறார், வட்டி கட்டுகிறார். நமக்குத் தராசு எப்படியோ, அவருக்குக் கேமரா அப்படி. தொழில் செய்யும் கருவியை எப்போது மாற்றுவது, எவ்வளவு கொடுத்து மாற்றுவது என்பது எல்லா வணிகருக்கும் பொதுவான கேள்வி.

அண்மையில் நமது சங்க உறுப்பினரான ஸ்டூடியோக்காரர் ஒருவர், இரவு கடை எடுத்து வைக்கும் நேரத்தில் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு விலைச் சீட்டு.

"அண்ணாச்சி, 61 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு பார்த்துட்டு வந்திருக்கேன். மூணு லட்சம் ஆகுது. என் பழைய 36 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கிட்டு அறுபதாயிரம் கழிச்சுத் தர்றாங்க. மீதிக்கு வீட்ல நகையை வைக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நகை என்ற சொல் வந்ததும் நாம் கல்லாவைப் பூட்டிவிட்டு அவரை உட்காரச் சொன்னோம். இரண்டு இரவுகள் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே தருகிறோம்.

எண் பெரிது, ஏற்றம் எவ்வளவு?

முதலில் அந்தச் சரக்கு என்ன என்று தெரிந்துகொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால், உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. 1925-இல் ஜெர்மனியின் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்து பரப்பிய பிலிம் அளவு அது. ஃபுல் ஃபிரேம் கேமரா எதுவாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. இதற்குள் எத்தனை புள்ளிகளைப் பதிக்கிறார்கள் என்பதுதான் மெகாபிக்சல் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள்.

36 மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 7,360 புள்ளிகள், அகலவாட்டில் 4,912 புள்ளிகள். 61 மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 9,504, அகலவாட்டில் 6,336. மொத்தப் புள்ளிகள் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டன. கேட்பதற்குப் பெரிய லாபம்! ஆனால் நீளவாட்டில் மட்டும் பார்த்தால் ஏற்றம் 29 சதவீதம்தான். இடம் வாங்குபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மனையின் நீளத்தையும் அகலத்தையும் கொஞ்சம் கூட்டினாலே சதுர அடி மளமளவென்று ஏறிவிடும். விளம்பரத்தில் சொல்வது சதுர அடி. படத்தைப் பெரிதாக்கும்போது கைக்கு வருவது நீள அகலம்.

படம் எங்கே போய்ச் சேருகிறது?

சரக்கு யாருக்குப் போகிறது என்று தெரியாமல் நாம் மூட்டை இறக்குவதில்லை. ஸ்டூடியோக்காரரிடமும் அதையே கேட்டோம். "நீங்கள் எடுக்கும் படம் கடைசியில் எங்கே போகிறது?"

பாதிப் படங்கள் செல்போனுக்குப் போகின்றன என்றார். சில வீடுகளில் டி.வி.யில் போட்டுப் பார்க்கிறார்கள். 4கே டி.வி.யில் மொத்தமே சுமார் 83 லட்சம் புள்ளிகள்தான். பழைய கேமராவே அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் தருகிறது.

அடுத்தது கல்யாண ஆல்பம். விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரு பக்கம் 12-க்கு 18. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஒரு பக்கத்துக்கு 3,600-க்கு 5,400, அதாவது சுமார் 1 கோடியே 94 லட்சம் புள்ளிகள் வேண்டும். பழைய கேமரா தருவது மூன்றரைக் கோடிக்கு மேல். விரித்த இரண்டு பக்கங்களிலும் ஒரே படத்தைப் பரப்பினால்கூட அங்குலத்துக்கு 204 புள்ளிகள் கிடைக்கின்றன. புதிய கேமராவில் 264. ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டும் மாமியாரும் சம்பந்தியும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது அரிது.

"பெரிய பிளெக்ஸ் போர்டு அடிக்க வேண்டுமே?" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போர்டு பெரிதாக ஆக, பார்ப்பவர் தள்ளி நிற்கிறார். 20 அடி போர்டை அங்குலத்துக்கு 30 புள்ளிகள் என்று அடித்தால் தேவைப்படுவது 7,200 புள்ளிகள். பழைய கேமராவில் 7,360 இருக்கிறது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது போதும்.

அரிசியும் பருப்பும் நிறுக்கும் தராசு ஐந்து கிராம் சரியாகக் காட்டினால் போதும். நகைக் கடைத் தராசு மில்லிகிராம் காட்ட வேண்டும். நகைக் கடைத் தராசை வாங்கி அரிசி நிறுத்தால் அரிசி விலை ஏறாது. இந்த உண்மை கேமராவுக்கும் பொருந்தும்.

தயாரிப்பாளர்களே சொல்லும் பாடம்

கேமரா செய்பவர்கள் இந்த எண்ணை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். சோனி நிறுவனத்தின் ஏ7ஆர் வரிசை இதற்கு நல்ல உதாரணம். 2013-இல் முதல் மாதிரி 36.4 மெகாபிக்சல். 2015-இல் இரண்டாவது 42.4. 2017-இல் மூன்றாவது, அதே 42.4. 2019-இல் நான்காவது 61. 2022-இல் ஐந்தாவது, அதே 61. ஐந்து மாதிரிகளில் எண் உயர்ந்தது இரண்டே முறை.

மற்றவர்களும் இப்படித்தான். நிக்கான் 2017-இல் டி850-ஐ 45.7 மெகாபிக்சலில் தந்தது. 2018-இல் வந்த இசட்7, 2023-இல் வந்த இசட்8 இரண்டிலும் அதே எண்தான். கேனன் 2020-இல் தந்த ஆர்5-உம் 2024-இல் தந்த ஆர்5 மார்க் 2-உம் 45 மெகாபிக்சல்.

எண் ஏறாமலே புதிய மாதிரியை எதைச் சொல்லி விற்றார்கள்? சோனியின் மூன்றாவது மாதிரியில் மெமரி கார்டு போட இரண்டு இடங்கள் வந்தன, முந்தியதில் ஒன்றுதான். பேட்டரியின் கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. நொடிக்கு ஐந்து படம் என்றிருந்தது பத்து ஆனது. ஐந்தாவது மாதிரியில் ஆளையும் கண்ணையும் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்ய தனிச் செயலி வைத்தார்கள். கை நடுக்கத்தைத் தாங்கும் திறன் கூடியது. தரம் குறையாமல் கோப்பைச் சுருக்கும் வசதியும் வந்தது. கல்யாண மண்டபத்தில் நின்று படம் எடுப்பவருக்கு இவைதான் கைகொடுப்பவை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ மெகாபிக்சல்!

மூன்று லட்சத்தோடு முடிவதில்லை

பெரிய பிரிட்ஜ் வாங்கினால் கரண்ட் பில்லும் கூடவே வரும் என்பது நமக்குத் தெரியும். கேமராவிலும் அப்படிப் பின்னால் வரும் செலவுகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, கோப்பு. சுருக்காத ரா கோப்பு ஒன்று 36 மெகாபிக்சலில் ஏறத்தாழ 75 எம்.பி. 61 மெகாபிக்சலில் ஏறத்தாழ 120 எம்.பி. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 225 ஜி.பி. இருந்த இடத்தில் 360 ஜி.பி. ஆண்டுக்கு 40 கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி என்று வைத்தால் 18 டி.பி. என்பது 28.8 டி.பி. ஆகிறது. இத்தனையையும் திறந்து கலர் பார்க்க இப்போதுள்ள கம்ப்யூட்டர் திணறும்.

இரண்டாவது, லென்ஸ். புள்ளி சிறிதாகச் சிறிதாக லென்சின் குறையும் கையின் நடுக்கமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். 2012-இல் 36 மெகாபிக்சல் டி800-ஐ வெளியிட்டபோது, முழுப் பலனும் கிடைக்க நல்ல லென்சும் டிரைபாடும் வேண்டும் என்று நிக்கான் நிறுவனமே தன் தொழில்நுட்பக் கையேட்டில் சொன்னது. 61-க்கு அது இன்னும் பொருந்தும். ஓட்டைச் சாக்கில் நல்ல அரிசியைக் கொட்டி என்ன பயன்?

மூன்றாவது, பழைய லென்ஸ் புதிய கேமராவில் சேருமா என்பது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்சுகளை அவர்களுடைய எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் இசட் வகைக் கேமராவில் மாட்டலாம். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. கம்பெனியை மாற்றினால் லென்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலைகூட வரலாம். விலைச் சீட்டில் இந்த வரிகள் இருப்பதில்லை.

இனி ரூபாய்க் கணக்கு

இந்தத் தொகைகள் நமது உறுப்பினருக்காக நாம் போட்டுப் பார்த்தவை. உங்கள் ஊர் விலையையும் வட்டியையும் வைத்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

புதிய கேமரா 3,00,000 ரூபாய். நான்கு ஆண்டு உழைத்தபின் 1,20,000-க்கு விலை போகும் என்று வைப்போம். தேய்மானம் 1,80,000. கடன் 2,40,000-ஐ 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டு மாதத் தவணையாகக் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 47,000. ஹார்டு டிஸ்க், கம்ப்யூட்டர் மராமத்துக்கு 60,000. ஆக மொத்தம் 2,87,000. பழைய கேமராவையே வைத்திருந்தாலும் அது 60,000-லிருந்து 20,000-க்கு இறங்கும். அந்த 40,000-ஐக் கழித்தால் மாற்றுவதற்கான நிகரச் செலவு 2,47,000. ஆண்டுக்கு 61,750.

ஆண்டுக்கு 40 கல்யாணம் எடுப்பவருக்கு ஒரு கல்யாணத்துக்கு ஏறத்தாழ 1,550 ரூபாய். 15 கல்யாணம் மட்டும் எடுப்பவருக்கு ஏறத்தாழ 4,100 ரூபாய். இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. அந்தத் தொகையைப் பெண் வீட்டார் கூடுதலாகத் தருவார்களா, அல்லது அது உங்கள் லாபத்திலிருந்து போகுமா? "கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று இதுவரை எத்தனை வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார்கள்?" என்று வினவினோம். சற்று யோசித்துவிட்டு, "கேட்கிறதெல்லாம் ஆல்பம் என்னைக்குக் கிடைக்கும்னுதான் அண்ணாச்சி" என்றார்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 1.1.2019 முதல் குறைந்தது. வரியோடு 3,00,000 என்றால் அதில் வரி 45,763 ரூபாய். முறையான பதிவு பெற்று வரி வசூலித்துத் தொழில் செய்பவர், தொழிலுக்காக வாங்கும் கேமராவுக்கு இந்த உள்ளீட்டு வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது. பதிவு பெறாதவருக்கும் இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கும் இந்த வரவு கிடையாது. ஆகவே பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்னால், குறைவது எது, இழப்பது எது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஒதுக்கிய படங்களை எண்ணினோம்

இரண்டாம் நாள் இரவு அவரிடம் ஒரு வேலை சொன்னோம். கடைசியாக எடுத்த ஐந்து கல்யாணங்களில் ஆல்பத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஏன் ஒதுக்கப்பட்டது என்று நோட்டில் கோடு போடச் சொன்னோம். வீணான சரக்கைப் பார்த்தால்தானே எங்கே ஓட்டை என்று தெரியும்!

மறுநாள் நோட்டோடு வந்தார். ஃபோகஸ் தப்பியவை ஒரு பக்கம். கை ஆடியவை, பிளாஷ் ஒத்துழைக்காதவை, கண் மூடியவை இன்னொரு பக்கம். மெகாபிக்சல் போதவில்லை என்று ஒதுக்கிய படம் ஒன்றுகூட இல்லை.

பிறகு அவரே தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படங்கள் அடங்கிய கார்டு கெட்டுப்போனது. எத்தனை முயன்றும் படம் திரும்பவில்லை. பெண்ணின் தகப்பனார் சத்தம் போடவில்லையாம். "என் மகள் கழுத்தில் தாலி ஏறினதை நான் இனி எதிலே பார்ப்பேன்?" என்று மட்டும் கேட்டாராம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் போவதில்லை என்றார். புதிய கேமரா வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் பிறந்திருக்கிறது.

"உங்கள் பழைய கேமராவில் எத்தனை கார்டு போடலாம்?" என்று கேட்டோம்.

"ரெண்டு போடலாம். செலவு மிச்சம்னு ஒண்ணுதான் போட்டிருந்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மூன்று லட்சம் கொடுத்து வாங்க நினைத்த பாதுகாப்பு அவர் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வைத்திருந்தால் அந்தத் தகப்பனாருக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

யாருக்கு மாற்றுவது சரி?

மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1975-இல் கோடாக் நிறுவனத்தில்தான் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார்கள். மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படம் கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. அதே கோடாக், பிலிம் வியாபாரத்தை விட மனமில்லாமல் காலம் கடத்தி, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோர நேர்ந்தது. காலத்தோடு மாறாதவருக்கும் கடையில் இடமில்லை. ஆனால் மாற்றம் வேலையைப் பார்த்து வர வேண்டும்.

நகைக் கடைக்கும் பட்டு ஜவுளிக்கும் கேட்டலாக் எடுப்பவருக்கு அதிகப் புள்ளிகள் உண்மையாகவே உதவும். நெருக்கமான நெசவில் இல்லாத வண்ணக் கோடுகள் தோன்றும் தொல்லை, புள்ளிகள் கூடக் கூடப் பொதுவாகக் குறைகிறது. பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுப்பவருக்கும், ஒரு படத்திலிருந்து சிறு பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்க வேண்டியவருக்கும் 61 மெகாபிக்சல் வீண் செலவல்ல. அப்படிப்பட்ட வேலை ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வரும் என்றால் கேமராவை அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாண வேலையில் ஃபோகஸ் தப்பும் படங்கள் அதிகம் என்றால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய கேமரா நல்லதே. ஆனால் அந்த வசதிக்காக 61 மெகாபிக்சல் வாங்க வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் மாதிரிகளிலும் அது வந்துவிட்டது. கார்டு போட ஒரே இடம் உள்ள கேமராவை வைத்து முகூர்த்தம் எடுப்பவர் மட்டும் காலம் தாழ்த்தாமல் மாற்றுவது நல்லது.

விற்பவர் தரப்பு

கேமரா விற்கும் கடைக்காரர்களும் நம்மவர்களே. அவர்கள் கஷ்டமும் நமக்குத் தெரியும். 2010-இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளை விட்டு வெளியேறின. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் விழுங்கிய வியாபாரம் அது. எண்ணிக்கை குறைந்ததால் தயாரிப்பாளர்கள் விலை உயர்ந்த மாதிரிகளை முன்னால் தள்ளுகிறார்கள். புதிய மாதிரி அறிவித்த மறுநாளே பழைய மாதிரி தேங்கிய சரக்காகிவிடும். ஆகவே அதிகம் கொள்முதல் செய்து அகலக்கால் வைக்க வேண்டாம் என்பது நமது யோசனை. தேவையில்லாதவர் தலையில் பெரிய எண்ணைக் கட்டினால் அந்த வியாபாரம் ஒருநாள் லாபம். அவருக்குத் தேவையான லென்சையும் கார்டையும் சொல்லிக் கொடுத்தால் அவர் பத்து ஆண்டு வாடிக்கை.

முடிவு என்ன?

நமது ஸ்டூடியோக்காரர் கேமராவை மாற்றவில்லை. நல்ல கார்டு நான்கு வாங்கினார். இருண்ட மண்டபத்துக்கு ஏற்ற லென்ஸ் ஒன்றை எடுத்தார். பிளாஷை மராமத்து பார்த்தார். நகை வீட்டிலேயே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு கல்யாணத்திலும் இரண்டு கார்டிலும் படம் பதிகிறது.

தராசோ, டீப் பிரீசரோ, பில் போடும் மெஷினோ, எதை மாற்ற நினைத்தாலும் மூன்று கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வோம். இருப்பதால் இதுவரை நாம் இழந்த வியாபாரம் எது? புதிதாக வருவதற்கு யார் பணம் கொடுப்பார்? இருப்பதை முழுமையாகப் பயன்படுத்திவிட்டோமா? இந்த மூன்றுக்கும் நோட்டில் பதில் எழுதிய பிறகு கடைக்குப் போவோம். முதலைக் காப்பதும் வியாபாரம்தான்.